தறியில் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் ஓவியம்

பிள்ளைகளுக்கு நெசவு சொல்லித்தருகிறேன் என்றால் பலரும் அதைக் கைவேலை வகுப்பு என்றுதான் நினைக்கிறார்கள். விரலுக்குப் பயிற்சி, பொறுமைக்குப் பயிற்சி, விடுமுறையில் பொழுது போக ஒரு வழி. அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் இதை விடாமல் செய்துவருவதற்குக் காரணம் வேறு. ஒரு படம் எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே தெரிந்துகொள்ள நெசவை விட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

வரையும்போது தாள் ஏற்கெனவே இருக்கிறது. எங்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். நடுவில் ஒரு வீடு, மூலையில் ஒரு சூரியன், மிச்ச இடத்தை அப்படியே விட்டுவிடலாம். தறியில் அது நடக்காது. துணியும் படமும் சேர்ந்தே வளர்கின்றன. கீழிருந்து வரிசை வரிசையாக மேலே போக வேண்டும். சூரியன் வரும் வரைக்கும் அதற்குக் கீழே இருக்கும் வெறும் வானத்தை நெய்தாக வேண்டும். ‘பின்னணி’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் இடத்துக்கும் நூல் செலவாகும், நேரம் செலவாகும். வெறும் இடமும் படத்தில் ஒரு பகுதிதான் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம், வானத்தை நெய்து முடித்த பிள்ளைக்குச் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

தறி என்றதும் பெரிய மரச்சட்டம் வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். பார்சல் வரும் அட்டைப்பெட்டி போதும். நான் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொள்கிறேன். அட்டைக்குள் ஓடும் அலைமடிப்பு, பாவு நூல், அதாவது தறியில் மேலிருந்து கீழாக இறுக்கிக் கட்டும் நூல், போகும் திசையிலேயே இருக்கட்டும். குறுக்காக இருந்தால் நூலை இறுக்கிக் கட்டியதும் அட்டை வில்லாக வளைந்துவிடும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சின்ன வெட்டுகள். பாவுக்கு முறுக்கான பருத்தி நூல்தான் சரி. கம்பளி நூல் இழுபடும், பாதி வேலையிலேயே தொய்ந்துவிடும். ஊடைக்கு, அதாவது பாவுக்குக் குறுக்கே மேலும் கீழுமாகக் கோத்துப் போகும் நூலுக்கு, அதே கம்பளி அருமையாக இருக்கும், அதிலும் தடித்த நூலாக இருந்தால் வேலை மளமளவென்று ஏறுவது கண்ணுக்குத் தெரியும். முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசி ஒன்று, ஊடையைத் தட்டி இறக்க ஒரு பழைய முள்கரண்டி. ஊசியில் கோக்கும் நூல், பிள்ளை இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்தைத் தாண்ட வேண்டாம். நீளம் கூடினால் சிக்கு எடுப்பதிலேயே பாதி வகுப்பு போய்விடும்.

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நூலுக்கு முன்னால் தாள். ஒரு தாளில் நீளவாக்கில் கீறல்கள் வெட்டி, வேறு நிறப் பட்டைகளைக் குறுக்காக மேலே, கீழே என்று விடுவது. இது புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃபிரோபெல், சிறு பிள்ளைகளுக்கான கைப்பணிகளில் தாள் நெசவையும் வைத்திருந்தார். அவர் ஏன் வைத்தார் என்பது செய்து பார்த்தால் தெரிகிறது. முதல் பட்டை மேலே, கீழே என்று போனால் அடுத்தது கீழே, மேலே என்று போக வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி விட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே அகலப் பட்டையாகத் தெரியும், கட்டமும் வராது. மாற்றி விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கட்டம் கட்டமாக அழகும் வரும். எது பிடிமானம் தருகிறதோ அதுவே கோலமாகவும் இருக்கிறது என்பதை ஆறு வயதில் கையால் தொட்டுத் தெரிந்துகொள்வது சாதாரண விஷயமில்லை. அலங்காரம் என்பது கடைசியில் மேலே ஒட்டுவது என்ற எண்ணம் இந்தப் பிள்ளைகளுக்கு வருவதே இல்லை.

நூலுக்கு வந்தவுடன் முதலில் வரும் சிக்கல் கரை. எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலை இறுக்கி இழுப்பார்கள். துணி நடுவில் இடுப்பு மாதிரி குறுகிக்கொண்டே போகும். இதற்கு ‘மெதுவா இழு’ என்று சொல்லிப் பலனில்லை. ஊடையை நேராக விடாமல் சின்ன மலை மாதிரி வளைவாக வைத்து, அப்புறம் முள்கரண்டியால் நடுவிலிருந்து தட்டி இறக்கச் சொல்ல வேண்டும். அந்த வளைவில் இருக்கும் கூடுதல் நூல், பாவு நூல்களைச் சுற்றிப் போக இடம் கொடுக்கிறது. அட்டையில் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால் குறுகுகிறதா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். கரை கொஞ்சம் கோணலாக வந்தாலும் நான் கைவைப்பதில்லை. பெரியவர்களுக்குக் கரையை நேராக்கித் தரக் கை பரபரக்கும். அதை அடக்கிக்கொள்வது முக்கியம் என்பது என் கருத்து. நாம் ஒரு முறை சரிசெய்து கொடுத்தால், அதற்குப் பிறகு பிள்ளை துணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

இனி நிறம். நெசவு கற்றுத்தருவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வண்ணம் தீட்டும்போது நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சை வரும். நூல் அப்படிக் குழையாது. நீலம் நீலமாகவே இருக்கும், மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ஆனாலும் பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் வேறாகத் தெரியும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்குப் பின்னாலும் ஒரு நெசவுக்கூடம்தான் இருக்கிறது. பாரிஸில், சுவரில் மாட்டும் படத் திரைச்சீலைகளை நெய்யும் கோப்ளான் என்ற பெயர்பெற்ற நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் செவ்ரெல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குறை எதுவும் இல்லை, கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்பதை விளக்கி அவர் 1839-இல் எழுதியது பின்னால் வந்த ஓவியர்கள் பலருக்கு வழிகாட்டியது. புள்ளி புள்ளியாக நிறம் வைத்து வரைந்த ஜார்ஜ் சூராவும் அவர்களில் ஒருவர்.

வகுப்பில் இதை நான் பாடமாக எடுப்பதில்லை. ஒரே சாம்பல் நிற நூற்கண்டிலிருந்து எல்லோருக்கும் வெட்டித் தருகிறேன். பாதிப் பேர் அதை ஆரஞ்சுக்கு நடுவிலும், மீதிப் பேர் கரும்பச்சைக்கு நடுவிலும் நான்கைந்து வரிசை நெய்கிறார்கள். பிறகு துணிகளை அருகருகே வைத்தால் போதும். ‘இது வேற கலர் டீச்சர், அவளுக்கு நல்லதா குடுத்துட்டீங்க’ என்று ஒரு குரல் கட்டாயம் வரும். நூற்கண்டை எடுத்து இரண்டிலும் வைத்துக் காட்டியதும் வகுப்பே அமைதியாகி உற்றுப் பார்க்கும். அதன் பிறகு நூல் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிடுகிறது. பெட்டியில் எது பளிச்சென்று இருக்கிறது என்று தேடியவர்கள், நெய்த இடத்தின் மேல் நூலை வைத்துப் பார்த்துவிட்டு எடுக்கிறார்கள்.

இதற்கு அடுத்ததாக, இரண்டே நிறத்தை வைத்து ஒரு விளையாட்டு. கறுப்பும் வெள்ளையும் என்று வைத்துக்கொள்வோம். ஊடையை நன்றாகத் தட்டி இறக்கி, பாவு வெளியே தெரியாதபடி நெய்ய வேண்டும். இரண்டு வரிசை கறுப்பு, இரண்டு வரிசை வெள்ளை என்று மாற்றினால் குறுக்கே மெல்லிய அலைக்கோடுகள் வரும். மூன்று வரிசை கறுப்புக்கு ஒரு வரிசை வெள்ளை என்றால் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். ஒரு வரிசை கறுப்பு, ஒரு வரிசை வெள்ளை என்று மாறி மாறிப் போனால் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். ‘இன்னும் மெல்லிசா கோடு வரும்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கோடுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். கறுப்பு எப்போதும் ஒரே பாவு நூல்களின் மேலேயே வருகிறது, வெள்ளை மற்றவற்றின் மேலேயே வருகிறது, அதனால்தான். நூலும் அதுதான், நிறமும் அதுதான், வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது. குறுக்கே விட்ட நூல் நிமிர்ந்து நிற்கும் கோடாவதைத் தன் கையடியில் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் ஆச்சரியத்துக்காகவே இந்த வகுப்பை எடுக்கலாம்.

வடிவங்கள் என்று வந்தால் தறி விட்டுக்கொடுக்காது. வட்டம் வரவே வராது. ஓரம் படிக்கட்டு மாதிரிதான் வரும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பாவு இருந்தால் படிகள் பெரிதாகவும், நெருக்கமாக இருந்தால் சிறிதாகவும் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பாவு நூல் தள்ளிக்கொண்டே போனால் சரிவு படுத்தாற்போல் இருக்கும். மூன்று நான்கு வரிசைக்கு ஒரு முறை தள்ளினால் செங்குத்தாக ஏறும். இந்த இரண்டையும் கலந்தால் வளைவு மாதிரி ஒன்று கிடைக்கும். கட்டம் போட்ட தாளில் முதலில் நிரப்பிப் பார்ப்பது பெரிய பிள்ளைகளுக்கு உதவும். சின்னவர்களுக்கு அது வேண்டாம், நேராகத் தறியிலேயே தேடட்டும்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பூனை முகம் நெய்ய வந்தாள். தாளில் அவள் வரைந்திருந்த பூனைக்கு மீசை, இமை, கழுத்தில் மணி எல்லாம் இருந்தது. தறியில் மீசை வராது என்று முதலில் தெரிந்தது. கண் வேண்டுமென்றால் ஒவ்வொரு கண்ணுக்கும் தனி நூல், தனி ஊசி, சுற்றிலும் வேறு நூல் என்று ஆனது. அவள் ஒரு கண்ணைத் தொடங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் பிரித்துவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சதுரமும் அதன் மேல் இரண்டு முக்கோணக் காதுகளும் மட்டும் நெய்தாள். பக்கத்தில் இருந்த பையன் ‘கண்ணு எங்க?’ என்று கேட்டான். ‘கண்ணு இல்லாமலே பூனைன்னு தெரியுதில்ல?’ என்றாள் அவள். எதை விட்டாலும் பூனை பூனையாகவே இருக்கிறது, எதை விட்டால் பூனை போய்விடுகிறது என்ற கேள்வியை ஓவியர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொள்கிறார்கள். அவளுக்கு அதைத் தறி கேட்டது. பென்சில் எதையும் மறுக்காது, அதனால் அது இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இரண்டு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் ஒரு பிளவு விழும். காரணம், இந்தப் பக்கத்து நூல் ஒரு பாவிலிருந்து திரும்பிவிடுகிறது, அந்தப் பக்கத்து நூல் அடுத்த பாவிலிருந்து திரும்பிவிடுகிறது. கிலிம் வகைத் தரைவிரிப்புகளில் இந்தப் பிளவை அப்படியே விட்டிருப்பார்கள், அதுவே அவற்றின் அழகு. வேண்டாம் என்றால் இரண்டு நூலையும் சந்திப்பில் ஒன்றோடொன்று கோத்துத் திருப்பலாம். இரண்டு வழியையும் காட்டிவிட்டுப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். பிளவு வழியே வெளிச்சம் வருவது பிடித்துப்போய் வேண்டுமென்றே நிறையப் பிளவு வைப்பவர்கள் உண்டு.

பிரிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாளில் அழித்தால் தடம் இருக்கும், தாளும் நைந்துபோகும். நூலைப் பிரித்தால் அது முழுசாகத் திரும்பக் கையில் வருகிறது. ‘கெட்டுப்போச்சு’ என்று அழும் பிள்ளைகள் வரைதல் வகுப்பில் நிறைய, இங்கே குறைவு. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. கீழே பத்தாவது வரிசையில் இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் அதற்கு மேல் உள்ள எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அதனால் பிள்ளைகள் தாங்களாகவே அவ்வப்போது தறியைத் தூர நிறுத்திவைத்துப் பார்க்கப் பழகுகிறார்கள். நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: பிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பார். சில நேரம் அந்தப் ‘பிழை’ நன்றாக இருக்கும். ஒரு பாவு நூலைத் தவறவிட்டு இரண்டைச் சேர்த்துத் தாண்டிவிட்ட பையன், அதையே ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளித் தள்ளிச் செய்து பார்த்தான். துணியில் சாய்கோடுகள் வந்தன.

அவனிடம் அவன் போட்டிருந்த ஜீன்ஸைப் பார்க்கச் சொன்னேன். வகுப்பில் பூதக்கண்ணாடி ஒன்று வைத்திருப்பேன், இந்த மாதிரி நேரத்துக்குத்தான். ஜீன்ஸ் துணியிலும் அதே சாய்கோடுதான், அதே தள்ளித் தள்ளிப் போகும் கணக்குதான். கீழ்மடிப்பைத் திருப்பினால் உள்பக்கம் வெளுப்பாக இருக்கும். பாவு நீலச் சாயம் ஏற்றியது, ஊடை சாயம் ஏற்றாதது, வெளிப்பக்கத்தில் பாவு அதிகம் தெரிகிற மாதிரி நெய்திருக்கிறார்கள். அன்றைக்கு மற்ற வேலை எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் சட்டை, சாக்ஸ், பை, ஷூ லேஸ் என்று கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். டி-ஷர்ட்டில் பாவு ஊடை எதுவும் இல்லாமல் வளையம் வளையமாக இருக்கிறதே என்று ஒருத்தி கேட்க, நெய்வதற்கும் பின்னுவதற்கும் உள்ள வித்தியாசம் வரைக்கும் பேச்சு போனது. உடம்பில் இருக்கும் துணியையே யாரோ யோசித்துச் செய்த வேலையாகப் பார்ப்பது பெரிய கலைப்பாடம் என்று நான் நம்புகிறேன்.

பெரியவர்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதில் எனக்கு வழிகாட்டி எகிப்தியக் கட்டடக்கலைஞர் ராம்சேஸ் விஸ்ஸா வாசெஃப். 1950-களின் தொடக்கத்தில் கெய்ரோவுக்கு அருகே, ஹரானியா என்ற கிராமத்தில் அவர் ஒரு நெசவுக்கூடம் தொடங்கினார். ஓவியப் பயிற்சி எதுவும் இல்லாத கிராமத்துப் பிள்ளைகள்தான் அங்கே நெய்தார்கள். அவர் வைத்த விதிகள் மிகக் குறைவு. முன்கூட்டி வரைந்த படத்தை வைத்து நெய்யக் கூடாது. பிறர் படைப்பைப் பார்த்துப் பின்பற்றக் கூடாது. பெரியவர்கள் குறுக்கிட்டுக் குறை சொல்லக் கூடாது. மரங்களும் பறவைகளும் கால்வாய்களும் வயல்களுமாக அந்தப் பிள்ளைகள் நெய்த திரைச்சீலைகள் உலகெங்கும் காட்சிக்குப் போயின. அவர்களில் பலர் வளர்ந்து பெரியவர்களான பிறகும் அங்கேயே நெய்துகொண்டிருந்தார்கள்.

அந்த விதிகளை அப்படியே ஒரு மணி நேர வகுப்பில் கடைப்பிடிக்க முடியாது. ஆனால் முதல் விதியை நான் முடிந்தவரை பிடித்துக்கொள்கிறேன். முழு மாதிரியை முன்னால் வைத்து ‘இதே போல் செய்’ என்று சொல்வதில்லை. செய்முறையைக் காட்டுகிறேன், செய்து முடித்த ஒன்றைக் காட்டுவதில்லை. நெய்துகொண்டிருக்கும் பிள்ளையிடம் ‘அழகா இருக்கு’ என்பதையும் குறைத்துக்கொண்டேன். ‘இந்தச் சிவப்பு எங்கே முடியப் போகுது?’, ‘இங்கே ஏன் தடிச்ச நூல் எடுத்தே?’ என்று கேட்டால் பதில் வருகிறது, சில நேரம் நான் நினைத்தே பார்க்காத பதில். ‘தடிச்ச நூல் சத்தமா இருக்கு, அதான்’ என்று ஒரு பிள்ளை சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

பத்து, பதினொரு வயதைத் தாண்டியவர்கள் ‘இது ஆர்ட்டா, கிராஃப்டா?’ என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஆன்னி ஆல்பர்ஸ் கதையைச் சொல்கிறேன். 1922-இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தவர். பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பிவிடும் வழக்கம் அங்கே இருந்தது. அவரும் விருப்பமில்லாமல்தான் போனார். போனவர் நூலிலேயே தன் கலையைக் கண்டுகொண்டார். 1949-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அந்த அருங்காட்சியகம் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. கதையைச் சொல்லிவிட்டு விடையை நான் சொல்வதில்லை, அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

தறியிலிருந்து கழற்றும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பாவு நூலை வெட்டியவுடன் இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஓரத்து வரிசைகள் உருவிக்கொண்டு வரும். இழுவை போனதும் துணி கொஞ்சம் சுருங்கும், சின்னப் பிள்ளைகள் பதறிப்போவார்கள், அதனால் முன்பே சொல்லிவிடுங்கள். சுவரில் மாட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். எது முன்பக்கம், எது மேல் என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். நெய்தது கீழிருந்து மேலாக என்பதால் அப்படியே மாட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, ‘இப்படி வெச்சா மலை, அப்படி வெச்சா மழை’ என்று பேசி முடிக்க அவர்களுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தையும் வகுப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டே திட்டமிடுங்கள்.